பத்து ரூபாய்க்கு எத்தனை கலோரி? வருமானமும் வீட்டுச் சர்க்கரையும்

"சுகரா? அது பணக்கார வியாதியாச்சே" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. வெயிலில் உழைத்துக் கூழும் களியும் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு அபூர்வம். உட்கார்ந்தே பிழைக்க வசதி இருந்த வீடுகளில்தான் அது முதலில் தலைகாட்டியது. இப்போது நிலைமை தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. 15 மாநிலங்களில் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த 'இன்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. நாட்டின் பெரும்பகுதியில் வசதியானவர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்றது ஆய்வு. ஆனால் தமிழ்நாடு உள்ளிட்ட வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் ஏழைகள் வசதியானவர்களை முந்திவிட்டிருந்தார்கள். சண்டிகர் நகரத்தில் வசதி குறைந்தவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு நீரிழிவு. வசதி படைத்தவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு.

நீரிழிவுக்குச் சர்க்கரை மட்டும் காரணம் கிடையாது. மூன்று வேளையும் வெள்ளை அரிசி, பரம்பரை, உடல் அசைவு குறைந்த வேலை, தூக்கக் குறைவு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் ஒரு வீட்டில் இனிப்பு எப்படி நுழைகிறது, எப்போது கூடுகிறது, எந்தக் கட்டத்தில் குறைகிறது என்று பார்த்தால் அந்த வீட்டு வருமானம் நன்றாகவே தெரியும். "ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் கண்டதைச் சாப்பிடுகிறார்கள்" என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. கையில் இருக்கும் காசுக்கு எது கட்டுப்படியாகுமோ அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்து ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் சர்க்கரை கிலோ சுமார் 45 ரூபாய் என்றால், பத்து ரூபாய்க்கு 220 கிராம் கிடைக்கும். அதில் 850 கலோரிக்கு மேல் இருக்கிறது. ரேஷனில் கிலோ 25 ரூபாய். அங்கே அதே பத்து ரூபாய்க்கு 400 கிராம், ஏறக்குறைய 1,550 கலோரி. குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஐந்து ரூபாய் பாக்கெட் இரண்டு வாங்கினால் 450 கலோரி அளவில் கிடைக்கும். ஆவின் நீல பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய் கணக்கில் கால் லிட்டர் வரும், 150 கலோரி. ஆறேழு ரூபாய் விற்கும் வாழைப்பழமோ முட்டையோ வாங்கினால் ஒன்றுக்கு மேல் கட்டாது. நூறு கலோரிக்கு முன்பின். ஆப்பிள் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

புரதம், நார்ச்சத்து, வைட்டமின் என்று பார்த்தால் இந்த வரிசை அப்படியே கவிழ்ந்துவிடும். ஆனால் பசிக்கிற வயிறு முதலில் கேட்பது சக்தியை. உடனடிச் சக்திக்குச் சர்க்கரையை விட மலிவான பொருள் சந்தையில் அநேகமாக இல்லை. சமைக்க வேண்டாம், கெட்டுப்போகாது, ஃபிரிட்ஜ் வேண்டாம், அடுப்பே இல்லாவிட்டாலும் வாயில் போட்டுக்கொள்ளலாம். வாடகை அறையில் நாலு பேர் தங்கிக்கொண்டு இரண்டு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

இந்த மலிவு தானாக வந்ததில்லை. நம் ஊரில் சர்க்கரை நெடுங்காலமாக அத்தியாவசியப் பொருள். ரேஷனில் தலைக்கு அரைக் கிலோ, கார்டுக்கு அதிகபட்சம் 2 கிலோ. 2017 நவம்பர் வரை கிலோ 13 ரூபாய் 50 காசுக்குக் கிடைத்தது. சர்க்கரைக்கான மானியத்தை மிக ஏழைகளான அந்தியோதயா கார்டு குடும்பங்களோடு மத்திய அரசு நிறுத்திக்கொண்ட பிறகு, மற்ற கார்டுகளுக்கு மாநில அரசு 25 ரூபாய் ஆக்கியது. அரிசி வேண்டாம் என்று சொல்லும் வீடுகளுக்குச் 'சர்க்கரை கார்டு' என்று ஒன்று உண்டு. அதில் அரிசிக்குப் பதிலாக இன்னும் 3 கிலோ சர்க்கரை. பொங்கல் தொகுப்பிலும் ஒரு கிலோ அரிசிக்குப் பக்கத்தில் ஒரு கிலோ சர்க்கரையும் கரும்பும் இருக்கும்.

சரி, ரேஷன் சர்க்கரைதான் வில்லனா? நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 கிலோ என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 17 கிராம்கூட வராது. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை தினம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் அதே அளவைத்தான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ரேஷன் சர்க்கரை மட்டும் சாப்பிடும் குடும்பம் எல்லைக்குள்தான் இருக்கிறது.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், இந்தியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 280 லட்சம் டன் சர்க்கரை செலவாகிறது. தலைக்கு 20 கிலோ. ஒரு நாளைக்கு 55 கிராம். இதில் வீட்டு டப்பாவுக்குப் போவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். மீதியைக் குளிர்பான ஆலையும் பிஸ்கட் கம்பெனியும் ஸ்வீட் ஸ்டாலும் பேக்கரியும் ஓட்டலும் டீக்கடையும் வாங்கிக்கொள்கின்றன. அதாவது நாம் உண்ணும் சர்க்கரையில் பெரும்பகுதியை நம் கையால் அளந்து போடுவதே இல்லை. யார் எந்த வழியில் அதை உண்கிறார்கள் என்பதில்தான் வருமானத்தின் பங்கு.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால் பத்தரை வாக்கில் டீ வரும். பக்கத்துக் கடையில் பெரிய பாத்திரத்தில் பால், டிகாஷன், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கேனில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரு தட்டில் பன்னோ வடையோ. டெய்லர்கள் மிஷினை விட்டு எழுந்து வந்து பேப்பர் கப்பில் பிடித்துக் குடித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷமே கூலியில் கழியும். காலையில் வீட்டில் சாப்பிடாமல் ஓடி வந்தவர்களுக்கு இதுதான் காலைச் சாப்பாடு. மாலையில் இன்னொரு டீ. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டு மணிக்குள் மூன்றாவது. வீட்டில் காலையும் இரவும் குடிப்பதைச் சேர்த்தால் ஐந்து. ஒரு டீயில் இரண்டு கரண்டி, சுமார் பத்து கிராம் என்றால், ஒரு துண்டு இனிப்பும் வாயில் போடாமலே நாளுக்கு 50 கிராம் உள்ளே போய்விட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த கேனில் வரும் டீயில் "சர்க்கரை கம்மியா" என்று கேட்க வழியில்லை. கடைக்கு நேரில் போகிறவர் மாஸ்டரிடம் "ஒரு வித்தவுட்" என்று சொல்லலாம். உயர்தர ஓட்டலில் சர்க்கரையைத் தனிக் கிண்ணத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ஏ.சி. அலுவலகத்தில் இருக்கிற மிஷினில் 'சர்க்கரை வேண்டாம்' என்று ஒரு பொத்தானே உண்டு. சம்பளம் கூடக் கூட, சர்க்கரையை மறுக்கும் வசதியும் கூடுகிறது. கட்டட வேலை, சுமை தூக்குதல், தெருக் கூட்டுதல், செங்கல் சூளை என்று கீழே போகப்போக டீதான் ஓய்வு, டீதான் எரிபொருள், டீதான் பேச்சுத்துணை. அதிலிருக்கும் சர்க்கரையை மட்டும் தனியாகப் பிரித்து "விட்டுவிடு" என்று சொல்வது எளிதாக நடக்கிற காரியமா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீடுகளிலும் இதுதான் நடந்தது. முன்பு பிரபுக்கள் வீட்டு ஆடம்பரமாக இருந்த சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை உழைப்பால் உருவான தோட்டங்களிலிருந்து மலிவாக வந்து குவிந்தது. 1874இல் சர்க்கரைக்கான இறக்குமதி வரியையே நீக்கினார்கள். சூடான இனிப்பு டீயும் ஜாம் தடவிய ரொட்டியும் ஏழைத் தொழிலாளியின் உணவாயின. சமைக்க நேரமில்லாத, விறகுக்குக் காசில்லாத குடும்பங்களுக்கு அது சட்டென்று பொருந்திக்கொண்டது.

வருமானம் ஒரு படி ஏறும்போது என்ன ஆகிறது? குடும்பம் பணக்காரமாக ஆக, உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் சொன்னார். நம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு அதைத்தான் காட்டுகிறது. 2022-23 கணக்கின்படி கிராமத்து வீட்டுச் செலவில் 46 சதவீதமும் நகரத்தில் 39 சதவீதமும் உணவுக்கு. மொத்தச் செலவில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த பங்கு கிராமத்தில் 0.93 சதவீதம், நகரத்தில் 0.60 சதவீதம். ஆனால் பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவு என்ற பிரிவு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. கிராமத்தில் 9.62, நகரத்தில் 10.64. தானியத்துக்குச் செலவழிப்பதைப் போல இது கிராமத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நகரத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. வெளியில் வாங்கும் சாப்பாடும் இதில் சேரும் என்பதால் எல்லாமே இனிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் சர்க்கரை டப்பாவிலிருந்து பாக்கெட்டுக்கு இடம் மாறும் போக்கு தெளிவாகவே தெரிகிறது.

மத்தியதரக் குடும்பங்களின் இனிப்பு இந்தப் பாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. வீட்டில் காபிக்குச் சர்க்கரையைக் குறைத்திருப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு 'சத்து' பானம், காலையில் சாக்லேட் பூசிய சீரியல், டிபன் பாக்ஸில் ஜாம் ரொட்டி, ஊறுகாய்க்குப் பதில் கெச்சப். குழந்தை உயரமாக வளர வேண்டும், நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசைக்காகக் கொடுக்கும் காசு இது. போர்ன்விட்டாவில் நூறு கிராமுக்கு 37 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. 2023இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு கம்பெனி அதை 32 கிராம் அளவுக்குக் குறைத்தது. 2024 ஏப்ரலில் இதுபோன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மத்திய வணிக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. பல ஆண்டுகளாகத் தம் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நம்பி மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கிய பெற்றோரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே மாதம் இன்னொரு செய்தியும் வந்தது. நெஸ்லே கம்பெனி ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் குழந்தை உணவை, இந்தியா உள்ளிட்ட வருமானம் குறைந்த நாடுகளில் சர்க்கரை சேர்த்து விற்கிறது என்று 'பப்ளிக் ஐ' என்ற சுவிஸ் அமைப்பு கண்டறிந்து சொன்னது. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராமுக்கு நெருக்கமாக இருந்தது. பல்லே முளைக்காத குழந்தையின் நாக்கு எந்தச் சுவைக்குப் பழக வேண்டும் என்பதில், பெற்றோர் சம்பளத்தோடு அந்த நாட்டின் வருமானமும் கை வைக்கிறது.

இன்னும் மேலே போனால் சர்க்கரையே வெளியேறிவிடுகிறது. ஸ்டீவியா என்ற இலை இனிப்பு, பிளாக் காபி, மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவுமுறை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அப்புறம் கருப்பட்டி. இந்த ஒரு பொருளின் பயணத்தைப் பார்த்தாலே போதும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனையேறிகளின் வீட்டில் காய்ச்சியது. வெள்ளைச் சீனி வாங்க வழியில்லாதவர்கள் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடித்தது. வெள்ளைச் சீனிதான் அன்றைக்கு அந்தஸ்து. விருந்தாளி வந்தால் எடுத்து வைக்க ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். இன்று சுத்தமான கருப்பட்டி சர்க்கரையைப் போலப் பல மடங்கு விலை. நெடுஞ்சாலையோரம் 'கருப்பட்டி காபி' என்று பலகை வைத்தால் கார்கள் நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கும் 'கருப்பட்டி'யில் சீனியைக் கலந்து காய்ச்சுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது பறிமுதல் செய்கிறது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்தில் அதுவும் ஏறும் என்பது வேறு விஷயம்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் மிட்டாய், இரண்டு ரூபாய் சாக்லேட், ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட், பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸ் என்று சரம் சரமாகத் தொங்கும். இந்த விலைகளைக் கம்பெனிகள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கின்றன. கோக்கோ-கோலா 2003 வாக்கில் 200 மில்லி பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு இறக்கியது, அதுவரை வாங்காத ஊர்களைப் பிடிப்பதற்காகத்தான். இருபது ஆண்டு கழித்து ரிலையன்ஸ் அதே 200 மில்லி கணக்கில் காம்பா குளிர்பானத்தைப் பத்து ரூபாய்க்குக் கொண்டுவந்தது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே நிற்கும். பாக்கெட்டுக்குள் எடைதான் குறையும். நூறு மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் என்று வைத்தால், 200 மில்லி பாட்டிலில் ஒரு நாள் அளவு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

சைக்கிள் கேட்கும் பிள்ளைக்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பாள் அம்மா. டூர் கேட்டால் முடியாது. புது ஷூ கேட்டால் தீபாவளிக்கு என்பாள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு தாய், தயங்காமல் "சரி, வாங்கிக்கோ" என்று சொல்ல முடிகிற ஒரே இடம் அந்த ஐந்து ரூபாய் பாக்கெட். வசதியான வீட்டில் பிள்ளையின் எத்தனையோ ஆசைகள் நிறைவேறுகின்றன. அதனால் சாக்லேட்டை மறுப்பது அங்கே கண்டிப்பான நல்ல வளர்ப்பு. இங்கே அது இன்னொரு 'இல்லை'. உணவியல் நிபுணர்களின் அறிவுரைப் பட்டியலில் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

வரி போட்டால் குறையுமா? மெக்சிகோ செய்து பார்த்தது. 2014 ஜனவரியிலிருந்து சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ. முதல் ஆண்டில் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. அடித்தட்டுக் குடும்பங்களில் 9 சதவீதம். "ஏழைகள் மீது விழும் வரி" என்ற எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் நோயும் ஏழைகள் மீதுதான் விழுகிறது. நீரிழிவுச் சிகிச்சைக்கு நகர்ப்புற ஏழைகள் தம் வருமானத்தில் 34 சதவீதத்தைச் செலவழிப்பதாக சென்னை மருத்துவர் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் மாத்திரை கொடுப்பதால் அந்தச் சுமை ஓரளவு இறங்கியிருக்கும். கால் புண்ணுக்கும் டயாலிசிஸுக்கும் போய் உட்காரும் நாட்களின் கூலி இழப்பை எந்தத் திட்டமும் ஈடுகட்டுவதில்லை.

நம் வரி அமைப்பு எப்படி இருக்கிறது? சோடா வகைக் குளிர்பானங்களுக்கு ஜி.எஸ்.டி.யும் கூடுதல் வரியும் சேர்ந்து முன்பும் 40 சதவீதம், 2025 செப்டம்பர் 22க்குப் பிறகும் 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத டயட் பானத்துக்கும் அதே 40தான். சர்க்கரை அளவில் சோடாவுக்குச் சற்றும் சளைக்காத, நுரை மட்டும் இல்லாத மாம்பழ பானத்துக்கு 12லிருந்து 5 ஆகக் குறைந்தது. பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் 18லிருந்து 5. வரி நுரையைப் பார்க்கிறதே தவிர சர்க்கரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இலங்கை 2017 நவம்பரில் பானத்தில் இருக்கும் சர்க்கரைக்குக் கிராமுக்கு 50 சதம், அதாவது அந்நாட்டு அரை ரூபாய், என்று வரி போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே பாட்டில் மீது சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டமும் போடச் சொல்லியிருந்தது. கிராம் கணக்கில் வரி வந்தால் கம்பெனியே சர்க்கரையைக் குறைக்கப் பார்க்கும். அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

வரி ஒரு பக்கம். மாற்றும் தர வேண்டும். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை நான் சர்க்கரைக்கு எதிரான திட்டமாகவும் பார்க்கிறேன். சூடாக ஒரு தட்டு பொங்கலோ உப்புமாவோ சாம்பாரோடு கிடைத்தால், டீயும் பன்னும் தின்றுவிட்டு வகுப்புக்கு வரும் அவசியம் அந்தக் குழந்தைக்கு இல்லை.

ரேஷன் கடையிலும் ஒரு வழி இருக்கிறது. சர்க்கரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் அதே வீடு 45 ரூபாய்க்கு வெளியில் வாங்கும், அவ்வளவுதான். துவரம் பருப்பைப் பாருங்கள். கடை விலையில் பத்து ரூபாய்க்கு இரண்டு கைப்பிடிகூட வராது. ரேஷனில் கிலோ 30 ரூபாய், அதாவது பத்து ரூபாய்க்கு 330 கிராம். 1,100 கலோரி, கூடவே 70 கிராம் புரதம். மானியம் இருக்கும் இடத்தில் பருப்பு, கடைச் சர்க்கரையையே மலிவில் தோற்கடித்துவிடுகிறது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். நான்கு பேர் வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு, 17 கிராம் சர்க்கரை. சர்க்கரையில் கை வைக்காமல் பருப்பை மட்டும் மூன்று கிலோ ஆக்கினால் தலைக்கு 25 கிராம் வரும். மாநில பட்ஜெட்டில் இதற்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை.